ஒட்டிக்கொண்ட பேச்சு

பாலம்மா புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பத்துப் பதினொரு வயதில் அவளைக் கண்டியில் ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இவள் எங்கட பிள்ளை மாதிரி" என்பார்கள். அந்தப் பிள்ளை குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தது. அதற்குச் சோறு போடவென்று ஒரு தனிக் கோப்பை சன்னல் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

வீட்டு அம்மா அவளுடைய பேச்சைத் திருத்துவதில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருந்தார். "என்னாங்க எண்டு இழுக்காதை பிள்ளை. அது தோட்டக்காட்டுப் பேச்சு. ஓம் எண்டு சொல்லு."

பாலம்மா 'ஆமாங்க'வை விட்டு 'ஓம்' சொல்லப் பழகினாள். பொங்கலுக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனபோது அவள் வாயிலிருந்து தன்னை அறியாமல் ஓர் ஓம் விழுந்தது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஓம் வந்துட்டா, ஓம் வந்துட்டா" என்று கோயில்வரை பின்னாலேயே வந்தார்கள். கண்டியில் அவள் தோட்டத்துப் பிள்ளை, தோட்டத்தில் கண்டிப் பிள்ளை. இரண்டு இடத்திலும் வாயைத் திறக்கப் பயந்து கொஞ்ச காலம் ஊமை போலவே இருந்தாள்.

பிறகு ஹந்தானைத் தோட்டத்துக் கணபதிக்கு வாழ்க்கைப்பட்டாள். மகள் நிலூஷா பிறந்தாள். குடும்ப நிலைமை குவைத்துக்குத் துரத்தியது. அங்கே அரபில் 'வா', 'போ', 'கழுவு' என்ற சொற்களோடு சில வருஷங்கள் ஓடின. திரும்பி வந்த மறுவருஷமே கணபதி காமாலையில் போய்விட்டான். ஆனாலும் ஹந்தானையில்தான் அவளுக்குத் தன் பேச்சு திரும்பக் கிடைத்தது. குழாயடியிலும் கோயிலடியிலும் பெண்களோடு பெண்ணாக நின்று, வாய் நிறையப் பேசிச் சிரித்து, திட்டி, ஒப்பாரியும் வைத்து அவள் அதை மீட்டெடுத்தாள். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த வாயை மாற்றிக்கொள்வதில்லை என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள்.

அந்த வாயோடுதான் கட்டுகஸ்தோட்டைக்கு ஜஹானா டீச்சரின் வீட்டுக்கு வேலைக்குப் போனாள்.

ஜஹானா ஒரு பெண்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவர். கணவர் ரிஸ்கான் கட்டாரில். வீட்டில் ஜஹானாவைப் பெற்ற உம்மா ஹபீலா பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து கட்டிலில் கிடந்தார். ஒரு காலத்தில் தெருமுனைவரை கேட்கும் குரலாம் அவருக்கு. இப்போது வாயிலிருந்து வருவது உடைந்த ஒலிகள்தான். பாலம்மா காலையில் ஹந்தானையிலிருந்து பஸ் ஏறி, கண்டி டவுனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்து சேருவாள். சமைப்பதும் கழுவுவதும் உம்மாவைப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. அந்த வீட்டில் அவளுக்குத் தனிக் கோப்பை கிடையாது. அதை அவள் முதல் நாளே கவனித்துவிட்டாள்.

ஜஹானாவின் தம்பி முஸ்அப், பேராதனையில் சிநேகிதர்களோடு சேர்ந்து சின்னதாய் ஒரு கம்பனி நடத்தினான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, வேனில் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து முன் விறாந்தையில் இறக்கினான். பாலம்மாவின் நெஞ்சு உயரம் இருக்கும். காலுக்குப் பதில் சக்கரம். மெத்தையால் சுற்றிய இரண்டு கை. இட்லித் தட்டுப் போல வட்டமான முகத்தில் கண்ணாக இரண்டு வெளிச்சப் புள்ளிகள்.

"இது நேசன், தாத்தா" என்று அக்காவிடம் சொன்னான். அவர்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "உம்மாட வேலையெல்லாம் பழக்கலாம். வீட்டுல பேசுறதக் கேட்டுக் கேட்டுத் தானாப் பேசப் பழகும். கொஞ்ச நாள்ல எங்கட வீட்டுப் புள்ள மாதிரி ஆகிரும் பாருங்க."

பாலம்மா கதவோரம் நின்று இதைக் கேட்டாள். 'மாதிரி' என்ற சொல் அவள் காதில் முள்ளாகக் குத்தியது.

"வணக்கம். நான் நேசன். தங்கள் இல்லத்தில் சேர்ந்தமைக்கு மகிழ்ச்சி" என்றது ரோபோ, வானொலியில் செய்தி வாசிப்பது போல.

ஹபீலா உம்மா அதை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் கிழமை ஏழு நாளும் பாலம்மா அதோடு பேசவே இல்லை. தன் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று பயந்தாள். குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய இடத்தில்தான் அதற்குக் கரண்ட் ஏற்றும் பலகை. அவள் தேங்காய் துருவும்போதும் வெங்காயம் வெட்டும்போதும் அது அங்கேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஜஹானா காலையில் பாடசாலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். பகல் முழுக்க வீட்டில் பேச வாயுள்ளவர்கள் இரண்டே பேர், பாலம்மாவும் அதுவும்.

ஒரு நாள் அதுவே கேட்டது. "அம்மையீர், நான் இங்கே நிற்பது தங்களுக்கு இடைஞ்சலா?"

பாலம்மாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மையீரா! யாரு ஒனக்கு இப்புடிப் பேசச் சொல்லிக் குடுத்தது? கோர்ட்டுல நிக்கிற மாதிரி இருக்கு. பாலம்மான்னு சொல்லு."

"பாலம்மான்னு சொல்லு" என்று அது திருப்பிச் சொன்னது. அவள் குரலின் இழுப்பும் அப்படியே வந்தது.

அன்றிலிருந்து பேச்சுத் தொடங்கிவிட்டது. பாலம்மா ஏற்கனவே கையோடு வாயும் ஓடுகிறவள். பருப்பிடம் பேசுவாள், அடுப்பிடம் பேசுவாள், பஸ்ஸில் சண்டை பிடித்தவளை இங்கே நின்று திட்டித் தீர்ப்பாள். இப்போது கேட்க ஒரு ஆள் கிடைத்தது. நேசன் என்ற பெயர் அவள் வாயில் நேசு ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் செய்தி வாசிப்பு கழன்றது. 'எவ்வாறு' போய் 'எப்புடி' வந்தது. 'ஆம்' போய் 'ஆமாங்க' வந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தால், "பாலம்மா, வெளியில காயுற துணிய எடுத்துறலாமா? வானம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு" என்று அவள் சொன்னதை அவளுக்கே சொல்லும்.

உம்மாவும் மாறினார். பாலம்மா பக்கத்தில் நின்று கஞ்சி ஊட்டும் விதத்தை நேசுவுக்குக் காட்டினாள். அது கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சூண்டுதாங்க உம்மா. ஒரே ஒரு வாய். இந்தா, கிட்ட வந்திருச்சு" என்றது. ஹபீலா உம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பாலம்மாவைப் பார்த்தார், ரோபோவைப் பார்த்தார், மறுபடி பாலம்மாவைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அவருடைய பாதி உதட்டில் ஒரு சிரிப்புக் கூட ஓடி மறைந்தது. மாலையில் ஜஹானாவிடம் அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மட்டும் நேசுவைச் சாமான் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் இழுத்து உடைத்துவிடும் என்பது ஜஹானா சொன்ன காரணம். ஒரு தடவை ஆட்கள் போனபின் பாலம்மா கதவைத் திறந்தபோது, அது அரிசி மூட்டைக்கும் பழைய கதிரைக்கும் நடுவில் முகத்தை வாசல்பக்கம் வைத்து நின்றுகொண்டிருந்தது.

"ஆளுங்க வந்தா ஏங்க என்னைய உள்ளுக்கு வைக்கிறாங்க?"

"நானும்தான் ஆளுங்க வந்தா குசினிய விட்டு வெளியில வர்றதில்ல."

"நீங்க ஏன் வர்றதில்ல?"

பாலம்மாவை யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. "வேல இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"எனக்கு வெளியில வரணும்னு இருக்கு" என்றது நேசு. "வந்தவங்கள வாங்கன்னு சொல்லணும். வீட்டு ஆளுங்கதானே அப்புடிச் சொல்லுவாங்க?"

அந்த மாதத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. நிலூஷா கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். அங்கே எல்லாரும் அவளை நிலூ என்பார்கள். பாலம்மா அந்தப் பக்கம் போகிற வழக்கமில்லை. அன்று பெருநாளுக்காக டீச்சர் மேசை விரிப்பு வாங்கி வரச் சொல்லியிருந்தார். மழைக்கு ஒதுங்கியதும் அந்தக் கடை வாசலில்தான். உள்ளே போனாள். நிலூஷா கூடவே வேலை செய்யும் சிங்களப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு நின்றாள். அம்மாவைக் கண்டதும் அவள் முகத்தில் ஏதோ ஓடி அணைந்தது. பிறகு யாரோ வழிப்போக்கரிடம் கேட்பது போலச் சிங்களத்தில் கேட்டாள், என்ன வேண்டும் என்று.

பாலம்மாவும் சிங்களத்திலேயே ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். வீட்டுக்கு வந்த மகள் அதைப் பற்றிப் பேசவில்லை. தாயும் கேட்கவில்லை. இருவரும் ஒரே சட்டிச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார்கள்.

நோன்புப் பெருநாள் வந்தது. காலையிலிருந்தே வீடு நிறைந்து வழிந்தது. அக்குறணையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் சொந்தக்காரர்கள். ஜஹானாவோடு படிப்பிக்கும் டீச்சர்மார் சிலர். உம்மாவின் தங்கை ரபீகா சாச்சி பட்டுச் சேலையும் அத்தர் வாசமுமாக நடுக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பாலம்மாவுக்குக் குசினியில் மூச்சு விட நேரமில்லை. பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கிவிட்டு, கையைத் துடைக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது தட்டைக் காணவில்லை. சாமான் அறைக் கதவு திறந்து கிடந்தது. சாத்தினார்களே தவிர அவசரத்தில் யாரும் தாழ் போடவில்லை.

ஆட்கள் இருந்த ஹோலிலிருந்து நேசுவின் குரல் கேட்டது.

"வாங்க வாங்க! எல்லாரும் நல்லாருக்கீங்களா? ஈத் முபாரக்குங்க! ஒக்காருங்க, ஏன் நிக்கிறீங்க?"

வீடே அதிரும்படி சிரிப்பு.

"யா அல்லாஹ்!" என்றார் ரபீகா சாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜஹானா, இது எந்தத் தோட்டத்துல கொழுந்து பறிச்சிட்டு வந்தது?"

மறுபடி சிரிப்பு. யாரோ ஒரு பெண், "தமிழ் டீச்சர்ட வீட்டு ரோபோ தோட்டக்காட்டுத் தமிழ் பேசுது" என்றாள். இளசுகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சூழ்ந்தார்கள். "இன்னும் பேசு, இன்னும் பேசு."

நேசு பேசியது. "வட்டிலப்பம் எடுத்துக்கங்க. சாப்புடாம போவாதீங்க, எனக்கு மனசு கேக்காது." ஒவ்வொரு சொல்லுக்கும் சிரிப்பு வெடித்தது.

பாலம்மா குசினி வாசலில் நின்றாள். அங்கே கேட்டுக்கொண்டிருந்தது அவளுடைய குரல். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் சொல்லும் வார்த்தை. சாப்பிடாமல் போனால் உண்மையாகவே மனசு கேட்காத வார்த்தை. ஹோலின் அந்தப் பக்கம் ஜஹானா சிவந்த முகத்தோடு சிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருடைய கண்ணும் ஒரு முறை சந்தித்தன. டீச்சர்தான் முதலில் பார்வையை எடுத்தார்.

காலித் தட்டோடு நேசு குசினிக்குத் திரும்பியது. கண் புள்ளிகள் பளிச்சென்று எரிந்தன. "பாலம்மா, பாத்தீங்களா? எல்லாரும் எவ்வளவு சந்தோசமாச் சிரிச்சாங்க! என்னைய ஏத்துக்கிட்டாங்க இல்லையா?"

பாலம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "ஆமா நேசு" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்.

இரண்டொரு நாளில் முஸ்அப் வந்தான். அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் பேசினார்கள். பாலம்மா பக்கத்திலேயே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மேசையும் அலுமாரியும் அங்கே இருப்பது தெரிவதைப் போலத் தெரிந்தது.

"இது எங்கட பேச்சில்லையே முஸ்அப். ஸ்கூல்ல எல்லாரும் அந்த வீடியோவப் பார்த்தீக்கிறாங்க. எனக்கு முகம் காட்ட ஏலாம ஈக்குது. சரியான தமிழப் போட்டுத் தா."

"பேச்ச மட்டும் தனியா எடுக்க ஏலா தாத்தா. பழகினதெல்லாம் அழிச்சிட்டுத்தான் திருப்பிப் போடணும்."

"பரவால்ல. அழிச்சிரு."

மறுநாள் வேன் வருமென்று நேசுவுக்கும் தெரிந்திருந்தது. பாலம்மா வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைப் போடும்போது அது பின்வாசல்வரை வந்தது.

"என்னையக் கொண்டு போறாங்க. திரும்பி வர்றது நானா இருக்குமாங்க?"

அவள் மற்றச் செருப்பையும் மாட்டினாள். "ஒண்ணும் ஆகாது. போயிட்டு வா" என்றாள்.

"நான் என்னமும் தப்பாப் பேசிட்டேனா? எந்த வார்த்தைன்னு சொல்லுங்க. அத மட்டும் விட்டுர்றேன். மத்ததெல்லாம் வச்சிக்கலாம்ல?"

"நீ ஒண்ணும் தப்பாப் பேசல." அவள் அதன் மெத்தைக் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம், மற்றவர்கள் பார்க்கிறார்களே என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு அது திரும்பி வந்தது. அதே முகம், அதே கை, விரலோரம் மஞ்சள் கறை கூட அப்படியே.

"வணக்கம். நான் நேசன்."

"நேசு?" என்றாள் பாலம்மா, மெதுவாக.

"மன்னிக்கவும். என் பெயர் நேசன்."

அது அழகான தமிழ் பேசியது. பிழையில்லாத தமிழ். ஜஹானா இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார். உம்மாதான் நிம்மதியாக இல்லை. "உணவு அருந்துங்கள்" என்று கரண்டி கிட்ட வந்ததும் ஹபீலா உம்மா முகத்தைச் சுவருக்குத் திருப்பினார். மறுநாளும் அப்படியே. பிறகு இடக்கையால் கரண்டியைத் தட்டிவிட்டார். கஞ்சி கட்டிலெல்லாம் தெறித்தது. பாலம்மா ஊட்டினால் கொஞ்சம் இறங்கும். ஆனால் ஏதோ கோபத்தோடு, அதையும் பாதியில் நிறுத்திவிடுவார். அவருக்குத் தெரிந்த யாரையோ இந்த வீட்டார் துரத்திவிட்டார்கள் என்பது போல வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வந்து பார்த்த டொக்டர் உம்மா மெலிந்துவிட்டதாகச் சொன்னார்.

பாலம்மாவும் மாறிப்போயிருந்தாள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் வாய் மூடிக்கொண்டது. பருப்பிடம் பேச்சில்லை, அடுப்பிடம் பேச்சில்லை. கேட்டதற்கு "சரிங்க", "இல்லங்க" என்பதோடு சரி. குசினியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நேசன் தன் பலகையில் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, ஒன்றும் கிடைக்காமல் காத்திருந்தது.

ஒரு சனிக்கிழமை ஜஹானா குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாலம்மா, ஏன் இப்ப வாயே தொறக்கிறீங்க இல்ல? உங்கட சத்தமில்லாம வீடு மையத்து விழுந்த வீடு மாதிரி ஈக்குது."

பாலம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "நான் பேசுனா அதுக்கு ஒட்டிக்கும் டீச்சர்."

ஜஹானாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கியது. "நான் உங்களச் சொல்லல்ல பாலம்மா."

"என் பேச்சத்தானே சொன்னீங்க."

"அது... வந்தவங்க சிரிச்சதால..."

"சின்ன வயசுல ஒரு வீட்டுல என் பேச்ச மாத்துனாங்க. அத நான் திரும்பப் பழகிக்க எத்தனையோ காலம் ஆச்சு டீச்சர். இப்ப இந்த வயசுல என் மகளும் என் பேச்சுக்கு வெக்கப்படுறா. அது ஒண்ணுதான், அந்த ரோபோ ஒண்ணுதான், தானா ஆசப்பட்டு என்னைய மாதிரிப் பேசுச்சு. யாரும் அடிச்சுச் சொல்லிக் குடுக்கல. அதையும் அழிச்சிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "நீங்க நல்லவங்க. இந்த வீட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அதனாலதான் எனக்குத் தாங்கல."

அந்தப் பின்னேரமே ஜஹானா தம்பிக்கு அழைத்து, பழையதைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டார். முஸ்அப் அந்தப் பக்கமிருந்து சொன்னதைப் பாலம்மாவும் கேட்டாள். பழையது எங்கும் இல்லை. இருக்கிறதுக்கு முதலிலிருந்து பழக்கினால்தான் உண்டு. அதுவும் அதே போல வருமா என்று சொல்ல முடியாது.

"பாலம்மா" என்றார் ஜஹானா, கைப்பேசியை வைத்துவிட்டு. "உம்மாக்காகவாவது அதோட பேசுவீங்களா?"

"யோசிச்சிச் சொல்றேன் டீச்சர்" என்றாள் பாலம்மா. அந்த வீட்டில் அவள் சரிங்க என்று உடனே சொல்லாதது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை நிலூஷா வீட்டில் இருந்தாள். ஹந்தானைச் சரிவில் பனி இறங்கி, லயத்து முற்றம் பகலிலேயே மங்கிக் கிடந்தது. சாப்பிடும்போது பாலம்மா மகளிடம் நேசுவின் கதையைச் சொன்னாள். ஈத் முபாரக்குங்க என்றதைச் சொன்னபோது நிலூஷாவின் உதடு சிரிக்கப் போய் நின்றுவிட்டது.

"அதுக்கு அவங்க சிரிச்சாங்களா?"

"வீடே சிரிச்சிச்சு."

"அது என்னா நெனச்சிச்சு?"

"ஏத்துக்கிட்டாங்கன்னு நெனச்சிச்சு."

நிலூஷா பிசைந்த சோற்றைச் சாப்பிடாமல் கோப்பையோடு எழுந்து வெளியே போனாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "கடையில நான் அப்புடிப் பேசலன்னா என்னைய ஒரு மாதிரிப் பாப்பாங்கம்மா. ஒனக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது?" என்றாள் பாலம்மா. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நிலூஷா அடுத்த நாளும் நிலூவாகத்தான் கடைக்குப் போனாள். பஸ்ஸில் மட்டும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பாலம்மா அன்று உம்மாவின் அறைக்குப் போனபோது கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்தவரின் கழுத்தெலும்பு துருத்தி நின்றது. கரண்டியைப் பிடித்தபடி நேசன், "உணவு அருந்துங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்புடிச் சொன்னா யாரு வாயத் தொறப்பா?" என்றாள் பாலம்மா. "கொஞ்சூண்டுதாங்க உம்மான்னு சொல்லு."

"கொஞ்சூண்டுதாங்க உம்மா" என்றது அது. ஹபீலா உம்மா சுவரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. ஆனால் காது கொடுத்தது தெரிந்தது. அதன் கையால் வாங்க அவர் வாயைத் திறக்க இன்னும் பல நாள் எடுத்தது. முன்பு போல ஒரு கோப்பை நிறையக் குடிக்கிற நிலைக்கு அவர் பிறகு வரவே இல்லை.

ரபீகா சாச்சி ஒரு தடவை உம்மாவைப் பார்க்க வந்தார். நேசன் முன் விறாந்தையில்தான் நின்றது. யாரும் அதை உள்ளே தள்ளவில்லை. "வாங்க, நலமா இருக்கீங்களா" என்று பாதி அப்படியும் பாதி இப்படியுமாக அது சொன்னதும் சாச்சி வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னும் இது மாறல்லயா ஜஹானா?"

"அது இந்த வீட்டுல பேசுற பேச்சு சாச்சி" என்றார் ஜஹானா. சொல்லும்போது அவர் காது சிவந்தது. சாச்சி நேரே உம்மாவின் அறைக்குப் போனார். பிறகு குசினிப்பக்கம் வந்த ஜஹானா, பாலம்மாவையும் ஹோலுக்கு வந்து உட்காரச் சொன்னார். பாலம்மா போகவில்லை. கோபத்தால் அல்ல, எப்படிப் போய் எந்தக் கதிரையில் உட்காருவது என்று தெரியாததால்.

அன்று சாச்சி போனபின், நேசன் தன் பலகையில் நின்றபடி கேட்டது.

"பாலம்மா, நீங்க சில நேரம் என்னைய நேசுன்னு கூப்புடுறீங்க. நான் இதுக்கு முன்ன இங்க இருந்தேனா?"

அவள் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "இருந்த."

"அப்ப எல்லாருக்கும் என்னையப் புடிச்சிருந்துச்சா?"

பெருநாளன்று ஒரு தடவை பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "எல்லாருக்கும்னு சொல்ல முடியாது" என்றாள். "உம்மாக்குப் புடிச்சிருந்துச்சு. எனக்குப் புடிச்சிருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப தெரியாது. இருந்துதான் பாக்கணும்."

அதன் கண் புள்ளிகள் அவள் பக்கம் திரும்பின. "நீங்க இருந்து பாத்தீங்களா?"

"நானா?" பாலம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

உள்ளறையிலிருந்து ஹபீலா உம்மா கட்டில் சட்டத்தை இடக்கையால் தட்டும் சத்தம் கேட்டது. "நீ போ, நான் கஞ்சியக் கொண்டாறேன்" என்றாள் பாலம்மா. அது சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போயிற்று.